யானையின் நெற்றியை வெறுமையாக விட்டது குறித்து

புதிதாகப் பணியேற்றிருக்கும் ஆசிரிய நண்பர்களே,

நான் தலைமையாசிரியராக இருந்த ஸ்ரீரங்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு பெற்றோர் தினத்தன்று நடந்ததைக் குறித்து ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு கதை உலவுவதாக அறிகிறேன். அக்கதையின்படி, ஒரு யானைப் படத்தை முன்னிட்டு இரண்டு பெரியவர்கள் கைகலந்தனர். கல்வி அதிகாரி மயங்கி விழுந்தார். தலைமையாசிரியர் பின்வாசல் வழியாக வெளியேறிக் கொள்ளிடக் கரையில் போய் அமர்ந்துகொண்டார். முதலாவது மிகை. இரண்டாவது பொய், அதிகாரி வியர்த்தார், அவ்வளவே. மூன்றாவதைப் பொறுத்தமட்டில், எங்கள் பள்ளிக்குப் பின்வாசலே கிடையாது.

உண்மையில் நடந்ததை எழுதி வைப்பது என் கடமை. இன்று நீங்கள் படப் புத்தகங்களை வகுப்பறைக்குள் தாராளமாக எடுத்துச் செல்கிறீர்கள். குழந்தை தன் எண்ணத்தைத் தயங்காமல் வரையவும் சொல்லவும் வேண்டும் என்று உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் பேசப்படுகிறது. நல்லது. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது ஒரு மாம்பழம் மட்டுமே.

ஓவிய வகுப்பு என்றால் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைவார். பிள்ளைகள் அதைச் சிலேட்டில் வரைவார்கள். ஆசிரியரின் மாம்பழத்துக்கு எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு மதிப்பெண். ஒரு பையன் தன் மாம்பழத்தின் ஓரத்தில் பல் பதிந்த பள்ளம் ஒன்றை வரைந்து, "கடிச்ச மாம்பழம் சார்" என்றான். அவன் காது திருகப்பட்டது. திருகியவன் நான் அல்லேன். நான் உடனிருந்தேன்.

அந்நிலையில்தான் பிலோமினா டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தார். இரண்டாம் வகுப்புக்குத் தற்காலிக நியமனம். புத்தூரிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் காவிரிப் பாலம் கடந்து வருவார். தந்தை காலமான வீடு. தம்பிகளின் படிப்பு இவருடைய சம்பளத்தை நம்பியிருந்தது. இதை அவராக ஒருபோதும் சொன்னதில்லை. ஓவியத்தில் நல்ல கை. ஒரு நாள் மாலை, துணியால் கட்டிய புத்தகம் ஒன்றுடன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், பிள்ளைங்களுக்கு ஒரு படப் புஸ்தகம் போட்டிருக்கேன். கொஞ்சம் பாக்கறீங்களா?"

புரட்டினேன். முதல் பக்கத்தில் காவிரிப் பாலம்; பாலத்தின் மேல் எதுவுமில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு கிணறு. கயிறு உள்ளே இறங்குகிறது. நுனியில் என்ன கட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு ஒரு வாழையிலை; அதில் எதுவும் பரிமாறப்படவில்லை. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரு யானை.

"அம்மா, இது இன்னும் முடியவில்லையே" என்றேன்.

"ஆமாங்க சார். முடிக்கறது பிள்ளைங்க வேலை."

"அவர்கள் தவறாக முடித்துவிட்டால்?"

"அது எப்படிங்க சார் தப்பா முடிக்க முடியும்?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னர் வகுப்பில் செய்து பார்க்க வாய்மொழியாக அனுமதி கொடுத்தேன். வாய்மொழி அனுமதியின் நன்மைகளை நீங்களே காலப்போக்கில் உணர்வீர்கள்.

மறுநாள் அவர் கரும்பலகையில் வெறும் பாலத்தை வரைந்து, மேலே என்ன போகிறது என்று வரையச் சொன்னார். நான் சன்னலருகே நின்றிருந்தேன். வகுப்பு கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எதை வரையணும் டீச்சர்?" என்றான் முதல் பெஞ்சில் இருந்தவன்.

"உனக்கு என்ன தோணுதோ அதை."

"சரி டீச்சர். ஆனா எது சரி?"

நெடுநேரம் யாரும் குச்சியை எடுக்கவில்லை. கடைசியில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவன் ஒரு காகத்தை வரைந்தான். அவன் காகம் வரைந்த செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. சற்று நேரத்தில் எல்லாச் சிலேட்டிலும் காகம். அன்று காவிரிப் பாலத்தின் மேல் ஒரு மனிதரோ மாட்டுவண்டியோ இல்லை. திருச்சி மாநகரம் முழுவதையும் காகங்களே ஆண்டன.

இவ்விடத்தில் நான் எதிர்பார்த்தது, டீச்சர் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு மாம்பழத்துக்குத் திரும்புவார் என்பதே. அவர் திரும்பவில்லை. மறுநாள் மிகவும் பொறுமையாக ஒரு யானை வரைந்தார். அதற்கு ஐந்து கால்கள்.

வகுப்பு கொதித்தெழுந்தது. "டீச்சர்! டீச்சர்! ஆனைக்கு அஞ்சு காலு!"

"அட, ஆமா." டீச்சர் இடுப்பில் கை வைத்துப் பலகையைப் பார்த்தார். "ஏன் அஞ்சு இருக்கு?"

ஆசிரியரே தவறு செய்துவிட்டார். இனித் தங்கள் தவறு எம்மாத்திரம் என்ற தெளிவு அப்பிள்ளைகளின் முகத்தில் வந்ததை நான் கண்ணால் கண்டேன். தனம் என்ற சிறுமி எழுந்தாள். பஸ் கண்டக்டரின் மகள்; எழுந்து நின்றாலும் மேசை உயரம்தான்.

"நாலு காலு நடக்கும் டீச்சர். ஒண்ணு ரெஸ்ட் எடுத்துக்கும்."

"எந்தக் காலு ரெஸ்ட்டு?" என்று பின்னாலிருந்து ஒருவன் மடக்கினான்.

"அது மாறி மாறி வரும்டா. டூட்டி மாதிரி."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அறைக்குத் திரும்பும்போது, எந்தக் கால் முதலில் ஓய்வெடுக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவ்வாரம் முடிவதற்குள் காவிரிப் பாலத்தில் கல்யாண ஊர்வலமும், மாவு மில்லும், நீந்தத் தெரியாததால் பாலத்தில் நடந்து போகும் ஒரு மீனும் வந்துவிட்டன.

என் கல்லூரித் தோழர் ஒருவர் தெப்பக்குளத்தருகே அச்சகம் வைத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு பிரதியாக அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டார். இதற்கு நிர்வாகக் குழுவின் இசைவு வேண்டும். குழுவின் செயலர் சொற்களை அளந்து பேசுபவர்.

"பெற்றோர் தினத்தன்னிக்குக் கல்வி அதிகாரி வரார். புஸ்தகத்தைக் காட்டுங்க. நல்லபடியா முடிஞ்சா டீச்சரை நிரந்தரம் பண்ணிடுவோம். ஒரே ஒரு புகார் வந்தாலும் புஸ்தகமும் வேண்டாம், டீச்சரும் வேண்டாம். உங்க கையெழுத்துல நடக்குது, பாத்துக்குங்க."

ஆக, இம்முறை வாய்மொழி அனுமதி போதவில்லை. கையெழுத்திட்டேன்.

அச்சுப் படிகள் திருத்தத்துக்கு வந்தன. யானைப் பக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தேன். டீச்சர் பஸ்ஸிலிருந்து பார்த்த கோயில் யானையை நினைவிலிருந்து வரைந்திருந்தார். அதன் நெற்றியில் திருமண்ணும் இட்டிருந்தார். வெளியூர் அன்பர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்ரீவைஷ்ணவர்களில் வடகலையார், தென்கலையார் என இரு பிரிவினர் உண்டு. வடகலையாரின் திருமண் கீழே வளைந்து முடியும். தென்கலையாரின் திருமண் மூக்கின் மேல் சிறு பாதம் வைத்து இறங்கும். இவ்வேறுபாட்டைக் குறித்து இரு தரப்பிலும் பேசத் தெரிந்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் ஏராளம். புத்தூரில் பிறந்து, ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குச் செல்லும் பிலோமினா டீச்சர், ஒரு பக்கம் வளைவும் ஒரு பக்கம் பாதமுமாக, இரு தரப்பையும் ஒரே கோட்டில் புண்படுத்தக்கூடிய ஒன்றை வரைந்திருந்தார்.

நான் எக்கலையைச் சேர்ந்தவன் என்பது இங்கே தேவையற்றது. பள்ளிக்கு வரும்போது நடுவில் ஒற்றைச் சிவப்புக் கோடு மட்டும் இட்டு வருவேன். அதிலிருந்து எவரும் எதையும் ஊகித்ததில்லை.

"அம்மா, நெற்றியில் இருப்பதை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"எடுத்துட்டு என்ன போடறது சார்?"

"ஒன்றும் வேண்டாம். வெறுமையாக விட்டுவிடுங்கள். வெறுமைதான் பாதுகாப்பு."

டீச்சர் படியை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், இந்தப் புஸ்தகத்துல எதையாவது வெறுமையா விட்டா பிள்ளைங்க..."

மணி அடித்தது. அவர் வகுப்புக்குச் சென்றார். அன்று என் முன்னிருந்த செய்திகளை வைத்துப் பார்க்கும்போது அம்முடிவு சரியானது. இன்றும் அவ்வாறே கருதுகிறேன்.

பெற்றோர் தினத்தன்று பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை வரிசையாக இட்டு, அவற்றின் மேல் புத்தகங்களை விரித்து வைக்க ஏற்பாடு. எந்தப் பக்கத்தை விரிப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருந்தார் டீச்சர். நான் உள்ளே நுழைந்தபோது ஒவ்வொரு புத்தகமும் யானைப் பக்கத்தில் விரிந்திருந்தது. ஒவ்வொரு யானையின் நெற்றியும் நிரம்பியிருந்தது. குழந்தை நெற்றியைக் கண்டால் எதை வரையும்? வீட்டில் நாள்தோறும் எந்த நெற்றியைப் பார்க்கிறதோ அதைத்தான். ஏறத்தாழப் பாதி யானைகள் வடகலை. மீதியில் பெரும்பாலானவை தென்கலை. வண்ணக்குச்சியை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தார்கள். தெரு முனையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

முதலில் வந்தவர்கள் குழு உறுப்பினர்களான இரு பெரியவர்கள். ஒருவர் சித்திரை வீதி, தென்கலை. மற்றவர் உத்தர வீதி, வடகலை. இருவரின் பேரன்களும் அவ்வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே வண்ணக்குச்சியைப் பங்கிட்டுக்கொள்பவர்கள்.

சித்திரை வீதிப் பெரியவர் ஒரு புத்தகத்தின் மேல் குனிந்தார். "ஓய், என்ன இது? ஆனைக்கு யார் இப்படிச் சாத்தினது?"

"என் பேரன். நன்னாத்தானே இருக்கு?" என்றார் உத்தர வீதிப் பெரியவர்.

"பெரிய கோயில் ஆனைக்கு எந்தத் திருமண்ணுன்னு லோகத்துக்கே தெரியும், ஸ்வாமி."

"இது கோயில் ஆனைன்னு யார் சொன்னா? புஸ்தகத்திலே எங்கேயாவது எழுதியிருக்கா?"

"பின்னே? சர்க்கஸ் ஆனையா?"

"உம்ம பேரன் வரைஞ்சதைப் பாரும். பாதம் மூக்கோட நிக்காம தும்பிக்கையிலே இறங்கி நடந்து போயிண்டே இருக்கு. எந்த ஊருக்குப் போறதுன்னு கேட்டுச் சொல்லும்!"

இதற்கிடையில் இருவரும் ஒரே சமயத்தில் ஒரு புத்தகத்தின் முன் நின்றனர். அந்த யானையின் நெற்றியில் மூன்று விபூதிப் பட்டைகள்.

"இது யார் பிள்ளை?"

"திருவானைக்காவல் சிவன் கோயில் பக்கத்திலிருந்து வரும் பையன்" என்றேன்.

"ஓ, சரி. அவா ஆனை அப்படித்தான்" என்றார் ஒருவர். "லட்சணமாப் போட்டிருக்கான்" என்றார் மற்றவர். இருவரும் மிகுந்த இணக்கத்துடன் அதைக் கடந்து, அடுத்த புத்தகத்தில் மீண்டும் சண்டையைத் தொடங்கினர். தொலைவிலுள்ள வேறுபாட்டை மனிதர் எளிதில் பாராட்டிவிடுகிறார்கள். வகுப்பறையிலும் இதையே காண்பீர்கள்.

விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். எதிர்த் தரப்பு யானைகளே அதிகம் என்று இருவருக்கும் தோன்றியது.

"ஹெட்மாஸ்டர்வாள்," என்றார் சித்திரை வீதிப் பெரியவர். "ஒரு வார்த்தை சொல்லிடும். எது சரி? இல்லேன்னா அதிகாரி வந்ததும் நானே கேக்கறேன்."

"கேளும். நானும் கேக்கறேன்" என்றார் உத்தர வீதிப் பெரியவர்.

ஒரே ஒரு புகார் என்பதே செயலரின் விதி. இங்கே இரண்டு புகார்கள் கைத்தடியுடன் நின்றுகொண்டிருந்தன. அறையின் மறு கோடியில் பிலோமினா டீச்சர் சாக்பீஸை இறுகப் பற்றியபடி நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் யோசித்திருக்க முடியாது.

முதலில், எல்லாப் புத்தகங்களையும் பாலம் உள்ள பக்கத்துக்குத் திருப்பி வைத்தேன். தர்க்கப்படி இது குறையற்ற தீர்வு. ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். "சார், என் ஆனையை யாரோ மூடிட்டாங்க சார்" என்று என்னிடமே முறையிட்டுவிட்டு, அவரவர் யானையை மீண்டும் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஒரு முனைக்குச் செல்வதற்குள் மறு முனை முழுவதும் யானையாகிவிட்டது.

"அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சுடச் சொல்லும், ஓய்" என்றார் சித்திரை வீதிப் பெரியவர். "எங்காத்துப் பிள்ளையோடதைத் தவிர."

உத்தர வீதிப் பெரியவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "என் பேரன் ஆனைமேலே கை வெச்சுப் பாரும்! அது அவன் ஆனை. அவனுக்கு என்ன தோணித்தோ அதைச் சாத்தினான். அதைக் கேக்க நீர் யாரு?"

நண்பர்களே, நான் பி.ஏ. வகுப்பில் தர்க்கம் பயின்றவன். எங்கள் பேராசிரியர் ஒரு நெறியை அடிக்கடி கூறுவார்: வாதத்தின் சூட்டில் எதிராளி வாயிலிருந்து உனக்கு வேண்டிய உண்மை வந்துவிட்டால், உடனே பலர் கேட்க அவருக்கு நன்றி சொல், அதன்பின் அவரால் அதைத் திரும்ப வாங்க முடியாது. அதுவரை அந்நெறியைப் பயன்படுத்த எனக்கு வாய்ப்பு அமைந்ததில்லை.

"மிக்க நன்றி, ஸ்வாமி" என்று உரக்கச் சொன்னேன். பேச்சு அடங்கியது. "பெரியவர் இப்போது ஒரு விதி கூறினார். பள்ளி அதை ஏற்கிறது. ஒரு பிள்ளை வரைந்த யானை அப்பிள்ளைக்கே உரியது. அதன் நெற்றியில் மற்றவர் கை வைக்கலாகாது."

சித்திரை வீதிப் பெரியவர் சற்று யோசித்தார். "அந்த விதி எங்காத்துப் பிள்ளைக்கும் உண்டோ இல்லியோ?"

"உண்டு."

"அப்படீன்னா சரி."

தம் பேரனின் யானையைக் காத்துவிட்ட நிறைவில் இருவரும் முன் பெஞ்சில் போய் அமர்ந்தனர். அதே மூச்சில் அடுத்தவர் பேரனின் யானையையும் காத்துவிட்டோம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

கல்வி அதிகாரி தெற்கத்திச் சீமைக்காரர். கோட்டு அணிந்திருந்தார், நெற்றியில் ஒன்றுமில்லை. புத்தகங்களைப் பார்த்தார், தலையசைத்தார். நான் மூச்சு விட்டேன்.

"இதை வகுப்புல எப்படி நடத்துறீங்க டீச்சர்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.

பிலோமினா டீச்சர் கரும்பலகையில் யானையை வரைந்தார். நெற்றியை வெறுமையாக விட்டார். பிறகு சாக்பீஸை அதிகாரியிடமே நீட்டினார்.

"நீங்களே முடிச்சு வைங்கய்யா."

அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பதை நான் இறுதிவரை கேட்கவில்லை.

அதிகாரி புன்னகையுடன் சாக்பீஸை வாங்கிக் கையை உயர்த்தினார். முன் பெஞ்சில் இரு பெரியவர்களும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தனர். பெஞ்சு கிறீச்சிட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். ஒரு நெற்றியைப் பார்த்தார். மறு நெற்றியைப் பார்த்தார். விரிந்திருந்த புத்தகங்களை மீண்டும் ஒருமுறை பார்த்தார். கல்வித் துறையில் உயர்ந்தவர்கள் எதையும் விரைவாகப் புரிந்துகொள்வார்கள். அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"வாலுக்கு ஒரு குஞ்சம் வச்சா..." என்று சாக்பீஸைப் பின்பக்கம் கொண்டுபோனார்.

"வாலு இருக்கு சார்! நெத்திதான் காலி!" என்றது வகுப்பு முழுவதும்.

அதிகாரி வியர்த்தது அப்போதுதான். கைக்குட்டையால் தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு குழந்தையைக் கூப்பிட வேண்டும். எந்தக் குழந்தையை? பேரன்களில் எவனைக் கூப்பிட்டாலும் சண்டை மீண்டும் மூளும். திருவானைக்காவல் பையனைக் கூப்பிட்டால் வேண்டுமென்றே செய்ததாகும். பின் பெஞ்சில் தனம் தெரிந்தாள். அவளுடைய யானை எது என்று நான் கவனித்திருக்கவில்லை. அவள் என்ன வரைவாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே அழைத்தேன். இதைத் துணிவு என்று பின்னர் சிலர் பாராட்டினர். நான் மறுக்கவில்லை.

தனம் வந்து ஸ்டூலில் ஏறினாள். யானையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு சட்டம் வரைந்தாள். சட்டத்துக்குள் பெரிய எழுத்தில் 'ஜங்ஷன்' என்று எழுதினாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"போர்டு சார்."

"ஆனைக்கு எதுக்கும்மா போர்டு?"

"இவ்ளோ பெரிசா வருதே சார். எங்க போகுதுன்னு தெரியலைன்னா யாரு ஏறுவா?"

அதிகாரி சிரித்தார். கோட்டுக்குள்ளிருந்து இப்படியொரு சிரிப்பு வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பெற்றோரும் சிரித்தனர். ஆனால் முன் பெஞ்சில் சிரிப்பு இல்லை.

"குழந்தே," என்றார் சித்திரை வீதிப் பெரியவர். "நம்மூர் ஆனைக்குப் போய் ஜங்ஷன்னு போடுவாளா? ஸ்ரீரங்கம்னு போடு."

"அதான் சரி" என்றார் உத்தர வீதிப் பெரியவர். "ஸ்வாமி சொல்றதுதான் நியாயம். அழிச்சுட்டு ஸ்ரீரங்கம்னு எழுதும்மா."

அவ்விருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் என் பணிக்காலத்தில் கண்டது அதுவே முதல் முறை. டஸ்டர் என் கைக்கருகில் மேசைமேல் இருந்தது. ஒரு சொல்லை அழித்தால் போதும்: இரு புகார்களும் மறையும், டீச்சரின் வேலை நிலைக்கும், என் கையெழுத்துக்குப் பழுது வராது. அழிப்பதும் ஏழு வயதுச் சிறுமியின் எழுத்தைத்தான். எவரும் கேட்கப் போவதில்லை. அப்போதுதான் பிலோமினா டீச்சரைப் பார்த்தேன். அவர் சிறுமியைப் பார்க்கவில்லை, பெரியவர்களைப் பார்க்கவில்லை. டஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணிக்கு முன்பு பலர் கேட்க ஒரு விதியை அறிவித்தவன் நான். டஸ்டரை எடுத்தேன். எடுத்து, என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"தனம், பெரியவர்கள் கேட்கிறார்கள். உன் யானை. நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்றேன்.

தனம் தன் எழுத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். "மாட்டேன் தாத்தா. இது போற பஸ்ஸு. ஸ்ரீரங்கம்னு போட்டா வர்ற பஸ்ஸுன்னு நெனச்சுக்கிட்டு யாரும் ஏற மாட்டாங்க. ஆனை காலியாப் போவும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"அது வாஸ்தவந்தான்" என்றார் உத்தர வீதிப் பெரியவர் மெல்ல.

"திரும்பி வரச்சே மாத்திடுவியோ?" என்று விடாமல் கேட்டார் சித்திரை வீதிப் பெரியவர்.

"மாத்திருவேன் தாத்தா. ஜங்ஷன்லயே மாத்திருவேன். எங்கப்பா அப்படித்தான் மாத்துவாரு."

"அப்போ சரி. மறந்துடாதே" என்றார் அவர். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. அதிகாரி சாக்பீஸை மேசைமேல் வைத்தார். தாம் வரைய வேண்டியதில்லை என்ற நிம்மதி அவர் தோள்களில் தெரிந்தது.

புகார் எதுவும் வரவில்லை. பிலோமினா டீச்சர் நிரந்தரமாக்கப்பட்டார். அன்று மாலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் அறை வாசலில் நின்று, "போயிட்டு வரேன் சார்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான், அன்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் நின்றார். நான் மேசையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

புத்தகத்தை வேறு பள்ளிகளுக்கும் அனுப்பலாம் என்று அதிகாரி பரிந்துரைத்தார். தனியாக என்னிடம், "அடுத்த தடவை அச்சடிக்கும்போது நெத்தியில ஏதாவது ஒரு பூ கீ போட்டுடுங்களேன். எதுக்கு வம்பு?" என்றார். நெற்றி வெறுமையாகவே இருக்கும் என்று பணிவுடன் தெரிவித்தேன். நான் ஒருமுறை எடுத்த முடிவை மாற்றுபவன் அல்லேன். அதற்கான காரணம் மட்டும் இடையில் மாறியிருந்தது. அதை அவரிடம் விளக்க வேண்டிய தேவை எழவில்லை.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியவை சிலவே. குழந்தை முதலில் காகத்தைத்தான் வரையும், பொறுத்திருங்கள். உங்கள் யானைக்கு ஐந்து கால் இருந்தால் அதை அவசரமாக அழிக்காதீர்கள். டஸ்டர் எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் தெரிந்து வைத்திருங்கள்; குறிப்பாக, அதை எடுக்கச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கும்போது.

சில ஆண்டுகளுக்குப் பின் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்தில் சால்வையும் பழத்தட்டும் தந்தார்கள். பிலோமினா டீச்சர் அப்புத்தகத்தின் புதிய பிரதி ஒன்றையும் வண்ணக்குச்சிப் பெட்டியையும் கொண்டுவந்து தந்தார்.

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் அந்த நெத்தியில வரைஞ்சாச்சு சார். செயலர்கூட வரைஞ்சுட்டாரு. நீங்க மட்டும்தான் பாக்கி."

வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். சில நாட்கள் மேசையில் கிடந்தது. பிறகு ஒரு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்து முடித்து, பள்ளிக்கே சென்று அவரிடம் திருப்பித் தந்தேன். டீச்சர் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சார், நெத்தி காலியாவே இருக்கே?"

"நெற்றி குறித்து நான் முன்பே முடிவெடுத்துவிட்டேன், அம்மா."

"அது சரிங்க சார்..." அவர் யானையின் வயிற்றுக்குக் கீழே விரலை வைத்து எண்ணினார். மீண்டும் எண்ணினார். "இது என்ன சார், அஞ்சாவதா ஒரு காலு? அதுவும் தரையில படாம?"

நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

"அது ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது, டீச்சர்" என்றேன்.